போன் அடித்தால் பெற்றோல் செட் எரியுமா?

கராஜ் வாசல் – கேள்வி பதில்

(1991இல் இருந்து மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். இப்போது கராஜ் ஒட்டுசுட்டானில். வாசகர்கள் அனுப்பும் வாகனக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, போன மாதம் பெற்றோல் செட்டில் என் ஸ்கூட்டிக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது கைப்பைக்குள் இருந்த போன் அடித்தது. நான் எடுக்கக்கூட இல்லை. அடித்த தம்பி நொசிலை வெளியே இழுத்துக்கொண்டு, "அக்கா, எல்லாரையும் எரிக்கப் போறீங்களா?" என்று கத்தினார். வரிசையில் நின்ற சனம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. எனக்குப் பின்னால் நின்றவர் எஞ்சினை நிப்பாட்டவே இல்லை. அவரை ஒருவரும் கேட்கவில்லை. போன் அடித்தால் உண்மையிலேயே தீப்பிடிக்குமா?
— ஓர் ஆசிரியை, முள்ளியவளை

பதில்: பிடிக்காது, தங்கச்சி. உங்களுக்குக் கிடைத்த ஏச்சு பின்னால் நின்றவருக்குப் போயிருக்க வேண்டியது.

2022 ஓகஸ்ட் மாதத்தை ஒருக்கா நினைத்துப் பாருங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டு வரிசைகளில் நீங்களும் நின்றிருப்பீர்கள். போனில் கியூஆர் கட்டம் இல்லாமல் ஒரு சொட்டும் இல்லை. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று தொடங்கினார்கள். சனம் போனைத் திறந்து கட்டத்தைக் காட்டும்; செட்டுப் பெடியன் தன்னுடைய போனால் அதை ஸ்கான் பண்ணுவான். ஒரு கையில் போன், மற்றக் கையில் நொசில். தலைக்கு மேலே 'கைத்தொலைபேசி பாவிக்க வேண்டாம்' என்ற பலகை. 2023 செப்டம்பரில் அந்த முறையை நிப்பாட்டும் வரைக்கும், ஒரு வருடத்துக்கு மேலாக நாடு முழுக்க பம்புக்கு ஒரு முழத்துக்குள் போன் வேலை செய்தது. போனால் தீப்பிடிக்கும் என்றால் அந்த வருடம் இலங்கையில் எத்தனை செட் மிஞ்சியிருக்கும்?

ஏன் பிடிக்காது என்று கேட்பீர்கள், ஆசிரியை அல்லவா. போன் வெளியே விடுவது வானொலி அலை. பழைய போன்கள்கூட உச்சத்தில் 2 வாட்ஸ் அளவுதான் விட்டன. அது பெற்றோல் ஆவியைக் கொளுத்தப் போதாது. சரி, போனுக்குள் ஏதாவது பொறி பறந்தால்? உள்ளே இருப்பது 3.7 வோல்ற் பற்றரி. பற்றரி கழன்று விழுந்தால் ஒரு பொறி வரலாம், அது ஆவி நிற்கும் இடமாகவும் இருந்துவிடலாம் என்ற முன்யோசனையில்தான் போன் கம்பனிகள் தங்கள் கையேடுகளில் எச்சரிக்கை எழுதி வைத்தன. எழுதி வைத்தது அங்கிருந்து பலகைக்கு வந்து, பலகையில் இருந்து சனத்தின் வாய்க்கு வந்துவிட்டது.

பொறிதான் பயம் என்றால் போனை விட்டுவிட்டு உங்கள் ஸ்கூட்டியைப் பாருங்கள். என்னிடம் வேலை பழகுகிற பெடியனும் இதே கேள்வியைத்தான் கேட்டான். ஒரு நாள் பின்னேரம் கராஜ் லைற்றை அணைத்துவிட்டு, பழுதான ஹோர்ன் ஒன்றைப் பிரித்து, 12 வோல்ற் பற்றரியில் கொடுத்து, உள்ளே ஒட்டி ஒட்டி விலகுகிற பொயின்ற்றை ஸ்குரூ டிரைவரால் அமத்தி விட்டுக் காட்டினேன். விலகுகிற ஒவ்வொரு தடவையும் நீலமாக ஒரு பொறி, கடுகு அளவுக்கு. ஹோர்ன் அடிக்கும்போது அது செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. செட் வரிசையில் "முன்னுக்குப் போ" என்று ஹோர்ன் அடிக்காத ஆள் உண்டா? ஸ்ராட்டர் மோட்டரிலும் பொறி இருக்கிறது. இவற்றுக்கு ஒரு பலகையும் இல்லை.

பிறகு எதுதான் கொளுத்துகிறது? அதற்கு ஆவியைத் தெரிய வேண்டும். பெற்றோல் எரிகிறது என்று சொல்கிறோமே, எரிவது அதன் ஆவி. சைபருக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடுகிற சாமான் அது; வன்னி வெயிலில் கேட்கவா வேண்டும். நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கில் இருந்து ஏழரைப் பங்கு வரைக்கும் கலந்தால் பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். அதனால் மேலே போகாது, நிலத்தோடு ஊரும்.

கடைசியாகச் சொன்னதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து நாங்கள் ஸ்கந்தபுரத்தில் இருந்த காலம். பொருளாதாரத் தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் கார்புரேற்றருக்குக் காட்டி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவோம். வீதியெல்லாம் வெள்ளைப் புகை. அந்தக் கொஞ்சப் பெற்றோலுக்குத்தான் அடிபாடு. மருந்து மாதிரிச் சின்னக் குப்பியில் வாங்குவார்கள். ஓர் இரவு ஒரு போத்தல் பெற்றோலைக் குப்பிகளுக்குப் பிரித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். விளக்கை எட்டத்தில்தான் வைத்தேன், ஆறடி இருக்கும். கொட்டிலின் தரை சாணி மெழுகினது. கை தவறிக் கொஞ்சம் சிந்தியது. துணி எடுக்கத் திரும்பினேன். விளக்கடியில் இருந்து ஒரு நீலக் கோடு, சாரைப்பாம்பு ஊருமாப்போல், தரையோடு தரையாக என்னை நோக்கி வந்தது. 'புஸ்' என்று ஒரு சத்தம். இடது கை மயிரும் ஒரு பக்கப் புருவமும் போய்விட்டன. மனிசி ஈரச் சாக்கைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் கொட்டிலும் போயிருக்கும். சிந்தினது ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் அளவுகூட இல்லை. அந்தக் கொஞ்சப் பெற்றோலின் ஆவி ஆறடி போய் நெருப்பைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இனி உங்களுக்குப் பின்னால் நின்றவர். பெற்றோல் ஆவி தானாகப் பற்ற ஏறத்தாழ 250 பாகைக்கு மேல் சூடு வேண்டும். தூரத்தில் இருந்து ஓடி வந்த வண்டியின் புகைக்குழாய் எஞ்சின் வாயடியில் அந்தச் சூட்டைத் தாண்டும். ராங்கி நிரம்பி வழிந்தால் பெற்றோல் வழிகிற இடமும் அதுதான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் வயரிங்கும் பிளக் வயரும் வேலையில் இருக்கும். பிளக் வயரின் உறை வெடித்த மோட்டார் சைக்கிள்கள் மாதத்துக்கு இரண்டாவது என் கராஜுக்கு வருகின்றன. இரவில் பார்த்தால் அந்த வெடிப்பால் பொறி பாய்வது கண்ணுக்கே தெரியும். செட்டில் கத்துவதென்றால் அதற்குக் கத்த வேண்டும்.

கேள்வி: போனால் தீப்பிடித்ததை நான் வீடியோவில் கண்ணால் பார்த்தேன் அண்ணை. ஒருவர் போனை எடுக்கிறார், அடுத்த செக்கன் தீ. ஷெல் கம்பனியே எச்சரித்ததாகவும் வந்ததே. எல்லாம் பொய்யா?
— ஓட்டோ ஓட்டுபவர், மல்லாவி

பதில்: வீடியோவில் தீ உண்மை தம்பி. கீழே எழுதியிருக்கிற விளக்கம் யாரோ ஒட்டினது.

ஷெல் கதை பழையது. போன் அடித்து மூன்று இடங்களில் தீப்பிடித்தது என்று ஷெல்லின் பெயரில் ஒரு கடிதம் 2000ஆம் ஆண்டை ஒட்டி மின்னஞ்சலில் உலகம் சுற்றியது. வட்ஸ்அப் வந்ததும் அது வட்ஸ்அப்புக்கு வீடு மாறியது. அது தங்களுடையது அல்ல என்று ஷெல் மறுத்துவிட்டது.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்குப் பிடித்தது. 2004 மே மாதம் அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில் நியூ போல்ட்ஸ் என்ற ஊரில் ஒருவர் பெற்றோல் அடிக்கும்போது தீப்பிடித்தது. அதே நேரம் அவருடைய போனும் அடித்தது. போன்தான் காரணம் என்று செய்தி உலகம் முழுக்கப் போனது. பிறகு அந்த ஊர்த் தீயணைப்புத் தலைவரே விசாரித்துப் பார்த்துவிட்டு, போன் காரணம் இல்லை, அந்த மனிசனின் உடம்பில் இருந்த நிலைமின்சாரம்தான் என்று திருத்திச் சொன்னார். அந்தத் திருத்தம் மல்லாவிக்கு வந்து சேரவில்லை பாருங்கள்.

இங்கிலாந்தில் கென்ற் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் அடம் பேர்ஜெஸ் இந்தக் கதையைத் துருவினவர். 1993க்கும் 2004க்கும் இடையில் போன் மேல் பழி போட்ட 243 பெற்றோல் செட் தீக்களில் ஒன்றுகூடப் போனால் வந்தது இல்லை என்றார். அமெரிக்காவில் பெற்றோல் உபகரண நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அதில் இருந்த ரொபேர்ட் ரென்க்ஸ் இப்படித் தீப்பிடித்த சம்பவங்களை வருடக்கணக்காகச் சேகரித்தவர். அவருக்கும் போனால் பிடித்த தீ ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று: நிறையப் பேர் அடித்துக்கொண்டிருக்கும்போது காருக்குள் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

அங்கே அடிப்பது வண்டிக்காரரேதான். நொசிலில் ஒரு பூட்டு இருக்கும். அதைப் போட்டுவிட்டுக் குளிருக்கு உள்ளே போய் இருப்பார்கள். இறங்கும்போது உடுப்பு சீற்றில் உரசும். உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ற் நிலைமின்சாரம் ஏறும். கார்க் கதவின் இரும்பைத் தொட்டு அதைக் கழிக்காமல் நேரே போய் நொசிலைப் பிடித்தால் விரல் நுனியில் இருந்து ஒரு பொறி, அதுவும் ஆவி வெளிவருகிற வாயிலேயே. பெற்றோல் ஆவி பற்ற ஒரு மில்லி ஜூலில் கால் பங்கு சக்தி போதும். உடம்பில் ஏறுவது அதைப்போல் பல மடங்கு. வீடியோவில் அந்த விரல் பொறி தெரியாது. கையில் இருக்கிற போன் நன்றாகத் தெரியும். பழி யாருக்கு?

எங்கள் பக்கத்தில் அடிக்கிற ஆள் வேறு, காற்றில் ஈரமும் கூட, அதனால் அந்த வகைத் தீ இங்கே அருமை. ஆனாலும் ஓட்டோவின் றெக்சின் சீற்றில் பொலியெஸ்ரர் சேட்டோடு வழுக்கி இறங்குகிறவர் நீங்கள். செட்டில் இறங்கினதும் ஓட்டோவின் வெறும் இரும்பை ஒருக்காத் தொட்டுவிடுங்கள். காசா பணமா.

கேள்வி: நான் செட்டில் வேலை செய்கிறேன். மோட்டார் சைக்கிளைத் திருத்த வந்தபோது நீங்கள் இதையேதான் சொன்னீர்கள். அப்போ இனி நான் ஆட்களைப் போன் கதைக்க விடுவதா? விட்டால் முதலாளி என்னை விட மாட்டார்.
— புதுக்குடியிருப்பு

பதில்: விடாதீர்கள் தம்பி, முதலாளி சொல்வது சரி. போன் தீ வைக்காது. ஆனால் போன் கதைக்கிற ஆள் வைப்பான். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, நொசில் ராங்கிக்குள் இருக்கும்போதே வண்டியைத் தள்ளத் தொடங்குகிறவர்களை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். டீசல் வான் ஒன்றுக்குப் பெற்றோல் அடித்து என் கராஜ் வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். அடிக்கும்போது சாரதி லண்டனில் இருக்கிற மச்சானோடு கதைத்துக்கொண்டிருந்தாராம், "என்ன அடிக்க?" என்று பெடியன் கேட்டதற்கு, மச்சானுக்குச் சொன்ன "ஓம், ஓம்" பதிலாகிவிட்டது. நான் மோட்டார் சைக்கிள்காரன், ஆனாலும் ராங்கியைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தேன். ஒரு பகல் போனது.

ஆகவே பலகை இருக்கட்டும். கத்துகிற விதத்தை மட்டும் மாற்றுங்கள். "எரிக்கப் போறீங்களா" என்று பயமுறுத்தினால், நாளைக்குப் போன் அடித்து ஒன்றும் நடக்காதபோது சனம் உங்கள் மற்ற எச்சரிக்கைகளையும் நம்பாது. "அக்கா, அடிச்சு முடியட்டும், பிறகு கதையுங்கோ" என்றால் போதும்.

ஒன்றை மட்டும் இப்பவே மனதில் பதித்து வையுங்கள். ராங்கி வாயில் தீ பற்றினால் கை தன்பாட்டில் நொசிலை வெளியே இழுக்கும். இழுக்காதீர்கள். இழுத்தால் எரிகிற பெற்றோல் உங்கள் மேலும் வண்டியில் இருப்பவர் மேலும் தெறிக்கும். பிடியை விடுங்கள், நொசில் அதிலேயே இருக்கட்டும், ஆளை இறக்கிக்கொண்டு விலகுங்கள், பம்பை நிறுத்துகிற ஆழியை அமத்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே எரியும். அங்கே தொங்குகிற சிவப்பு வாளி மணலும் தூள் அடிக்கிற தீயணைப்பானும்தான் மருந்து. சில செட்களில் அந்த வாளிக்குள் சிகரெட் கட்டையும் வெற்றிலைத் துப்பலும்தான் இருக்கிறது. உங்களுடையதை இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் ராங்கி நிறைய அடித்தால் வெடிக்கும் என்று இந்தியன் ஒயில் அறிவித்திருக்கிறதாமே?
— மாங்குளம்

பதில்: அந்தக் கம்பனியே மறுத்துவிட்டது. வெடிக்காது. ஆனால் கழுத்து மட்டத்துக்கு அடித்துவிட்டு நேரே வெயிலில் நிறுத்தினால் வழியும். 10 லீற்றர் பெற்றோல் 20 பாகை சூடு ஏறினால் ஏறத்தாழ 200 மில்லி லீற்றர் கூடும், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அது மூடியின் துவாரத்தால் சூடான எஞ்சின் மேல் வடியும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வண்டியை ஆட்டி ஆட்டி அடிப்பிக்கிற பழக்கத்தை விடுங்கள்.

கேள்வி: கச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய்ப் பம்ப் வைத்திருக்கிறேன். பெற்றோலும் மண்ணெண்ணெயும் கானில் வாங்கி லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் கொண்டுபோவேன். கான் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா? மிச்சம் விழுகிறதை விளக்குக்கு ஊற்றலாமா?
— ஒரு விவசாயி, விசுவமடு

பதில்: அண்ணை, போனைப் பற்றி எழுதின எல்லாரையும்விட நீங்கள்தான் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள்.

கானைப் பெட்டியில் வைத்தபடி அடிப்பிக்க வேண்டாம். இறக்கி நிலத்தில் வைத்து, நொசில் கான் வாயைத் தொட்டபடி மெல்ல அடிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கானுக்குள் பெற்றோல் விழும்போதும் நிலைமின்சாரம் சேரும். றப்பர் விரிப்பின் மேலோ பொலித்தீன் சாக்கின் மேலோ இருந்தால் அது நிலத்துக்கு இறங்க வழி இல்லை. முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். குளிர்பானப் போத்தல் வேண்டவே வேண்டாம். அதைத் தண்ணீர் என்று எடுத்துக் குடிக்க வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பம்ப்: ஓடிச் சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றுகிறீர்கள், எனக்குத் தெரியும், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். தண்ணீர் வாய்க்காலில் பாதியில் நிற்கிறது, கச்சான் காய்கிறது, அவசரம். பத்து நிமிடம் ஆறவிடுங்கள். வாயில் இருக்கிற பீடியையும் எடுத்துவிடுங்கள்.

மிச்சத்தை விளக்குக்கு ஊற்றாதீர்கள். இது அறவே கூடாது. சுத்தமான மண்ணெண்ணெய் 38 பாகை அளவு சூடு வந்தால்தான் பற்றக்கூடிய ஆவி விடும். அதனால்தான் விளக்கில் திரியில் மட்டும் எரிகிறது. உங்கள் பம்பில் ஒரு சின்னப் பெற்றோல் ராங்கியும் ஒரு பெரிய மண்ணெண்ணெய் ராங்கியும், நடுவில் ஒரு குழாய்த் திருப்பியும் இருக்கும். திருப்பி தேய்ந்தால் ஒன்றுக்குள் மற்றது கசியும். ஒரே புனலால் ஊற்றினாலும் கலக்கும். மண்ணெண்ணெய்க்குள் கொஞ்சம் பெற்றோல் கலந்தாலே அது சாதாரணச் சூட்டில் பெற்றோல் மாதிரி நடக்கும். விளக்கின் வயிற்றுக்குள் ஆவி கட்டும். பிள்ளை படிக்க விளக்கைக் கொளுத்துகிற நேரம் முகத்தில் வெடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கான், ஒவ்வொரு புனல்; பெற்றோல் கானின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், இருட்டில் தடவினாலும் தெரியும். எது எது என்று சந்தேகம் வந்த எண்ணெய் பம்புக்கு மட்டும்.

கேள்வி: இவ்வளவு சொல்கிற உங்கள் கராஜில் போன் பாவிக்கலாமா?
— அதே ஓட்டோக்காரர், மல்லாவி

பதில்: விட மாட்டீர்கள் போலிருக்கிறதே தம்பி. லைற்றருக்குத்தான் தடை, போன் என் சேட்டுப் பையிலேயே இருக்கிறது. வயிறு ஊதின போன் என்றால் மட்டும் வெளியே வைக்கச் சொல்வேன். லிதியம் பற்றரி கெட்டால் பெற்றோல் இல்லாமலே தானாக எரியும். 2016இல் சாம்சங் நோட் 7 போன்களை உலகம் முழுக்கத் திருப்பி வாங்கினது அதனால்தான்.

போன வருடம் என் பெடியன் கார்புரேற்றர் கழுவக் குனிந்தபோது, மேல் பையில் இருந்த போன் பெற்றோல் தட்டுக்குள் விழுந்தது. விழுந்து கிடந்தபடியே ஒரு தடவை அடித்தது. நானும் அவனும் ஒரு செக்கன் ஒருவரை ஒருவர் பார்த்தோம், பிறகு கம்பியால் தூக்கி எடுத்தோம். நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். நானும் அது அடித்து முடியும் வரை மூச்சு விடவில்லை. திரை வெள்ளையாகிப் போன் செத்துவிட்டது. தண்ணீரில் விழுந்தது என்று சொல்லித் திருத்தக் கொடுத்தானாம். கடைக்காரர் மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.